கண்ணே பின்குறி

ரவைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பானது. பறவைக்கும் முயலுக்கும் ஒரு கைப்பிடி ரவையைத் தூவுவதற்கென்றே அது செய்யப்பட்டது. அதே குழலில் ரவைக்குப் பதிலாக ஒரே ஓர் ஈயக் குண்டு வைத்த தோட்டாவைப் போட்டால் அதற்கு ஸ்லக் என்று பெயர். தூவுகிற கருவி அப்போது குறிபார்க்கிற கருவியாக வேண்டியிருக்கிறது. ரைபிளுக்கு இருப்பது போன்ற சுருள்வரி குழலுக்குள் இல்லை. பின்குறியும் இல்லை. நுனியில் ஒரு பித்தளை மணி மட்டும் உண்டு. இத்தனை குறையுள்ள ஒன்றைச் சில்லறைச் செலவில் எவ்வளவு திருத்தலாம் என்பது ஜொகூர் தோட்டங்களில் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. இளஞ்செம்பனைக்குள் காட்டுப்பன்றி இறங்கிய ஒவ்வொரு மாலையும் அந்தக் கேள்வி எழுந்தது.

தோட்டங்களில் பெரும்பாலும் இருந்தது 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் எந்த விட்டத்தில் இருக்குமோ, அதுவே இந்தக் குழலின் உள்விட்டம்: ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். உருண்டைக் குண்டு இந்தக் குழலில் நேராகப் போவதில்லை. இரு பக்கமும் இடித்துக்கொண்டு வெளியேறி, தோன்றிய பக்கம் திரும்பும். இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னக்கே. 1898இல் அவர் செய்த குண்டில் முன்பக்கம் ஈயம். பின்பக்கம் அதோடு சேர்த்துப் பிணைத்த இலேசான அடைப்பு. 1931இல் அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் பின்பக்கம் குடைந்த குண்டைச் செய்தார். இரண்டும் ஒரே தத்துவம்: பாரம் முன்னால் இருக்க வேண்டும், வால் இலேசாக இருக்க வேண்டும். மலேசியாவில் இதை விளக்கப் பாடப்புத்தகம் வேண்டாம். பூப்பந்தை எப்படி அடித்தாலும் அதன் தக்கை முன்னாலும் இறகு பின்னாலுமாகத் திரும்பிக்கொண்டு போகிறதல்லவா, அதே கதைதான். குண்டின் பக்கவாட்டில் தெரியும் சாய்ந்த வரிகள் அதைச் சுழற்றுவதற்கு என்று பலர் நினைப்பார்கள். அவற்றால் கிடைக்கும் சுழற்சி மிகச் சொற்பம். குழலின் குறுகிய நுனியில் குண்டு நசுங்கி வழிவிடுவதற்கு இடம் கொடுப்பதே அவற்றின் முக்கிய வேலை.

பண்டார் தெங்காரா இன்று கூலாய் மாவட்டத்தில் உள்ள சிறு நகரம். தெங்காரா என்றால் மலாயில் தென்கிழக்கு. 1972இல் ஏற்பட்ட கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் எழுப்பிய நகரங்களில் இதுவும் ஒன்று. சுற்றிலும் ஃபெல்டா குடியேற்றத் திட்டங்கள், தனியார் தோட்டங்கள், அவற்றைத் தாண்டினால் காடு. ரப்பர் மரத்தைப் பன்றி அவ்வளவாகத் தொடுவதில்லை. செம்பனை அப்படியல்ல. நட்டு ஓரிரண்டு ஆண்டேயான கன்றின் அடியைக் கிண்டி, நடுக்குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். குருத்துப் போனால் கன்று போயிற்று. வளர்ந்த மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழமோ அதற்கு ஆண்டு முழுக்கச் சாப்பாடு. நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில், செம்பனையை ஒட்டிய பகுதியில், காலன் இக்கிஸ் என்ற ஆய்வாளர் 1996இல் சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் என்று கணக்கிட்டார், 1998இல் 27. காடும் செம்பனையும் தோள் உரசும் இடத்தில் பன்றிக்குப் பஞ்சமில்லை.

மறுநடவு நடக்கும் ஆண்டுகளில் தோட்ட நிர்வாகம் உரிமம் உள்ளவர்களைத் தேடும். ஃபெல்டா குடியேறிகள் பெரும்பாலும் மலாய் முஸ்லிம்கள். பன்றியைத் தொடமாட்டார்கள், ஆனால் பன்றி அவர்களுடைய கன்றையும் விடாது. எனவே சுடுவதற்குத் தமிழரோ சீனரோ வருவது பல இடங்களில் வழக்கம். இங்கே விவரிக்கப்படும் துப்பாக்கி 1980களில் அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், வைத்திருந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய ரெட்டைக் குழல். பக்கம்பக்கமாக இரு குழல், இரு விசை. மலாய்க்காரர்கள் இந்த வகையை ‘செனாப்பாங் பாத்தா’ என்பார்கள். முறித்துத் தோட்டா போடுவதால் வந்த பெயர். கிராணியோடு கூடப் போனவர் மேற்பார்வையாளரான ஒரு மண்டோர். தாள் ஒட்டவும் மரம் எண்ணவும் ஒரு சிறுவன். வேலையின் ஒழுங்கு பெரும்பாலும் அந்தச் சிறுவனின் நினைவில் நின்றது.

திருத்தத்தின் எல்லையைச் சட்டமே வகுத்தது. மலேசியாவில் துப்பாக்கி 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமம் தருவது மாநிலக் காவல்துறைத் தலைவர். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971இல் வந்த சுடுகருவி தண்டனை மிகுப்புச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின் நிழல் இந்தக் கடுமையில் தெரிகிறது. அமெரிக்க வேட்டை நூல்கள் வீட்டுப் பட்டறையில் செய்யச் சொல்லும் வேலைகள், அதாவது குழல் நுனியைக் கடைவது, விசையைத் தேய்த்து இலேசாக்குவது, குழலில் துளையிட்டுக் குறி பொருத்துவது போன்றவை, இங்கே வீட்டு வேலையே அல்ல. உலோகத்தில் கை வைப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குப் போக வேண்டும். தோட்டாவைப் பிரித்துத் திருத்துவதும் இதே கணக்குத்தான். அது சட்டத்துக்கும் ஆகாது, விரலுக்கும் ஆகாது. ஆகவே தோட்டத்தில் செய்த திருத்தம் எல்லாம் துப்பாக்கிக்கு வெளியே நடந்தது. வேண்டாதபோது உரித்து எடுத்துவிட்டால் துப்பாக்கி பழையபடி இருக்க வேண்டும்.

முதல் திருத்தம் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது. அதற்கும் முன்னால் அறையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். பிற்காலத் தோட்டாக்கள் 70 மில்லிமீட்டர். நீளம் என்பது சுட்டபின் விரிந்த கூட்டின் அளவு. ஆகவே சுடாத 70 மில்லிமீட்டர் தோட்டா 65 அறைக்குள் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். உட்கார்ந்துவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று அர்த்தமல்ல.

அடுத்து சோக், அதாவது குழல் நுனியில் உள்ள குறுக்கம். ரவை சிதறாமல் கூட்டமாகப் போவதற்காக வைத்தது அது. ரெட்டைக் குழலில் பெரும்பாலும் வலக் குழல் அகலமாகவும் இடக் குழல் இறுக்கமாகவும் இருக்கும். முழு சோக் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்கம். மெல்லிய ஈயக் குண்டு அதில் நசுங்கிப் போய்விடும் என்றாலும், நசுங்கிய குண்டு நேராகப் போகும் என்று சொல்ல முடியாது. ஸ்லக்குக்கு ஏற்றது குறுக்கமே இல்லாத குழல் அல்லது கால் மில்லிமீட்டர் அளவு குறுக்கமுள்ள குழல். சோக் புதிதாக வந்த 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துச் சோதனைக்கூடங்கள் குறுக்கமுள்ள குழல்களில் ‘நாட் ஃபார் பால்’, அதாவது ஒற்றைக் குண்டுக்கு அல்ல, என்று முத்திரை அடித்தே அனுப்பின. கிராணி ஸ்லக்கை எப்போதும் வலக் குழலில்தான் போட்டார். இடக் குழலில் எஸ்ஜி என்கிற பெரிய ரவை இருக்கும். ஓர் அவுன்சுக்கு எட்டு ரவை.

ஒரே நிறுவனம் செய்த ஒரே எடைத் தோட்டாவை மாற்றாமல் வாங்குவது இதில் பாதி வெற்றி. ஒரு குழலுக்குப் பிடித்த தோட்டா இன்னொன்றுக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் எண்களால் விடை சொல்வது கடினம். தாளில் சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் கூடு பரவுவதற்கு முன் காகிதக் கூட்டுத் தோட்டாக்கள் இருந்தன. ஜொகூர் மழையில் அவை ஊதிப்போய் அறைக்குள் நுழைய மறுக்கும். அந்தக் காலத்துப் பழக்கத்தால் கிராணி பிளாஸ்டிக் தோட்டாவையும் மூடி இறுகிய பிஸ்கட் டின்னில்தான் வைத்திருந்தார்.

இரண்டாவது திருத்தம் தாள். அதற்கு முன்னால் ஒரு கதை உண்டு. சில மாதங்களாகவே துப்பாக்கி கீழே சுடுகிறது என்பது கிராணியின் குறை. பன்றியின் காலடி மண்தான் பறந்தது. ஒருநாள் ஜொகூர் பாருவில் உள்ள கடை ஒன்றுக்குத் துப்பாக்கியை எடுத்துப் போய், குழலைச் சரிசெய்து தரச் சொன்னார். கடைக்காரத் தவுக்கே குழலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எங்கே விழுகிறது என்று கேட்டார். கீழே விழுகிறது. எவ்வளவு கீழே? எத்தனை முழத்தில்? எந்தக் குழலில்? கிராணியிடம் பதில் இல்லை. சுட்ட தாளைக் கொண்டு வா, பிறகு துப்பாக்கியைப் பார்க்கலாம் என்று தவுக்கே மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார். பஸ் காசு போனதுதான் மிச்சம் என்று கிராணி அன்று வீட்டில் அலுத்துக்கொண்டார். ஆனால் துப்பாக்கிக்கு வந்த நல்ல காலம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

தாள் செய்வதற்குத் தோட்டத்தில் எல்லாமே இருந்தது. செக்ரோல் என்னும் பழைய வருகைப் பதிவேட்டுத் தாள்களின் பின்பக்கத்தைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, ஆளுயரப் பலகையில் விரித்தார்கள். பால் பிடிக்கும் மங்கு ஒன்றைத் தாளில் கவிழ்த்து, அடுப்புக் கரியால் சுற்றி வரைந்து, உள்ளே கறுப்படித்தார்கள். மங்கின் வாய் அளவுள்ள அந்தக் கறுப்பு வட்டம்தான் குறி. பலகைக்குப் பின்னால், மண் வெட்டி எடுத்த மேட்டுச் சரிவு. ஒரு கித்தான் சாக்கில் மணல் நிரப்பி, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலிருந்து தூக்கிவந்த பெஞ்சின் மேல் போட்டார்கள். முன்கட்டையைப் பிடித்த கை சாக்கின் மேல் கிடக்க வேண்டும். குழல் சாக்கைத் தொடக் கூடாது. குழலே சாக்கில் படிந்தால் வெடிக்கும்போது எகிறி, குண்டு வேறு இடத்தில் விழும்.

தாளில் ஒரு குண்டு எதையும் சொல்லாது. ஒரே இடத்தைப் பார்த்து, ஒரே குழலில் மூன்று குண்டு சுட வேண்டும். மூன்றும் எங்கே விழுகின்றன என்பதை விட, மூன்றும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பது முக்கியம். நெருங்கி விழுந்தால் துப்பாக்கியும் தோட்டாவும் ஒத்துப்போகின்றன; மிச்சமிருப்பது அந்தக் கூட்டத்தைக் கறுப்பு வட்டத்துக்கு நகர்த்துவது மட்டுமே. சிதறி விழுந்தால் தோட்டாவை மாற்ற வேண்டும், அல்லது சுடுகிறவரை மாற்ற வேண்டும். வழுவழுப்புக் குழலும் மணியும் மட்டும் உள்ள நல்ல துப்பாக்கி, பொருந்திய ஸ்லக்கோடு, 45 மீட்டரில் ஒரு சாணுக்கு உட்பட்ட கூட்டம் போட்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்றியின் நெஞ்சுக் கூட்டுக்கு அது போதும்.

ரெட்டைக் குழலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரு குழல்களும் முன்னோக்கிச் செல்லச் செல்லச் சற்றே நெருங்கும்படி பற்றவைக்கப்பட்டவை. வலக் குழல் வெடிக்கும்போது துப்பாக்கி வலப்பக்கம் உதறும். அந்த உதறலை ஈடுகட்டத்தான் அந்தச் சாய்வு. ஆனால் கணக்குப் போட்டது ரவைத் தோட்டாவுக்கு. ஸ்லக் அதைவிட வேகமாகக் குழலை விட்டுப் போனால், உதறல் முழுமை அடையும் முன்பே குண்டு வெளியேறிவிடும். வலக் குழலின் குண்டு இடப்பக்கமும் இடக் குழலின் குண்டு வலப்பக்கமும் விழும். இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருவது வீட்டில் ஆகிற காரியமல்ல. ஒரு குழலைத் தேர்ந்து, அதை மட்டும் அறிந்துகொள்வது ஆகிற காரியம்.

மூன்றாவது திருத்தம்தான் உயிர்நாடி. ரைபிளில் முன்குறி, பின்குறி என இரண்டு உண்டு. ரவைத் துப்பாக்கியில் முன்குறி மணி. பின்குறி சுடுகிறவரின் கண். கண் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது கன்னம் பதியும் பின்கட்டை. கண்ணிலிருந்து மணி வரை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். குறி 45 மீட்டரில். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் 47. கன்னம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் குண்டு ஏறத்தாழ 47 மில்லிமீட்டர் இறங்கும். கன்னம் மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு சாணில் பாதிக்கு மேல். கன்னத்தை ஒரு நாள் அழுத்தியும் ஒரு நாள் இலேசாகவும் வைக்கிறவருக்கு எந்தத் துப்பாக்கியும் ஒரே இடத்தில் சுடாது.

கிராணியின் முதல் தாளில் வலக் குழலின் மூன்று துளைகளும் வட்டத்துக்குக் கீழே, ஒரு கைப்பிடி அகலத்துக்குள் கிடந்தன. கீழே சுடுகிறது என்பது உண்மைதான். ஆனால் நெருக்கமாகச் சுடுகிறது. குழலில் கோளாறு இல்லை. கன்னம் படியும் இடம் தாழ்வு. கீழே விழுவதை மேலேற்ற, கண்ணை உயர்த்த வேண்டும். கண்ணை உயர்த்த, கட்டையின் மேல் ஏதாவது சேர்க்க வேண்டும். ஓட்டையான சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து, இரண்டு விரல் அகலத்தில் பட்டையாக்கினார் மண்டோர். கட்டையின் மேல்விளிம்பில் மடித்த ஒரு துணித்துண்டை வைத்து, அதன் மேல் டியூப் பட்டையை இழுத்துச் சுற்றினார். ஆணி இல்லை, பசை இல்லை. ஒரு மடிப்புக்கு மூன்று குண்டு. மீண்டும் தாளைப் பார்ப்பது. இன்னொரு மடிப்பு, இன்னும் மூன்று. நான்காவது தாளில் துளைகள் கறுப்பின் விளிம்பைத் தொட்டன. மொத்தச் செலவு டியூபுக்கு ஒன்றுமில்லை, தோட்டாக்களுக்குத்தான். தோட்டாவோ உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் வாங்க முடியாதது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு குண்டுக்கு மேல் சுடவில்லை. அந்தக் கட்டையைத் திருத்த இரண்டு ஞாயிறு ஆயிற்று.

இடவலத் திருத்தமும் இதே வழியில்தான். குண்டு இடப்பக்கம் விழுந்தால் கண் வலப்பக்கம் நகர வேண்டும். வலக்கைக்காரருக்குக் கன்னம் கட்டையின் இடப்பக்கத்தில் படிவதால், அந்தப் பக்கத்தில் துணியை மெலிதாக்குவதும் தடிப்பாக்குவதும் கண்ணை நகர்த்தும். குண்டை எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ அந்தப் பக்கமே கண்ணைத் தள்ளு என்பது ஒரே வரிச் சூத்திரம்.

நான்காவது திருத்தம் மணி. பன்றி வெளியே வருவது பொழுது சாயும் நேரம். செம்பனை ஓலைக்கு அடியில் அந்த நேரத்தில் பித்தளை மணி கண்ணுக்கே தெரியாது. மண்டோரின் தாயார் வெற்றிலைப் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். மண்டோர் சுண்டுவிரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு மணியின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பார். காய்ந்ததும் அது அரிசிமணி போல் வெளுத்துத் தெரியும். மழையில் கரைந்துவிடும், வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிடலாம். ‘பாத்துடா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை’ என்று தாயார் ஒவ்வொரு முறையும் சொல்வார். வெள்ளைப் பொட்டில் ஓர் எச்சரிக்கை உண்டு. பொட்டு பெரிதானால் தொலைவில் உள்ள குறியை முழுதாக மறைத்துவிடும். மணியின் அளவை மிஞ்சாத பொட்டுதான் உதவும்.

ஐந்தாவது திருத்தம் சுடுகிறவரின் உடம்பில். 28 கிராம் ஈயத்தை வினாடிக்கு 450 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தள்ளும் தோட்டா தோளை இடிக்கும். இடி வரும் என்று தெரிந்த உடம்பு, வெடிக்கும் முன்பே கண்ணை மூடி, தோளை முன்னால் தள்ளி, குழலைக் கவிழ்க்கும். இது சுடுகிறவருக்குத் தெரியாது. வெடியின் எகிறல் அதை மறைத்துவிடும். இதைப் பிடிக்கக் காசில்லாத வழி ஒன்று உண்டு. சுடுகிறவர் பார்க்காதபடி வேறொருவர் துப்பாக்கியை முறித்து, சில வேளை நல்ல தோட்டாவையும் சில வேளை சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூட்டையும் போட்டுக் கொடுப்பார். குழல் எப்போதும் மேட்டுச் சரிவைப் பார்த்தே இருக்கும். மண்டோர் ஒருமுறை வெற்றுக் கூட்டைப் போட்டுக் கொடுத்தார். விசை ‘டிக்’ என்றது. குழல் நுனி ஒரு சாண் கீழே குத்தியது. ‘வெடிக்கவே இல்லீங்க ஐயா. துப்பாக்கி மட்டும் குனிஞ்சிருச்சு’ என்றார் மண்டோர். கிராணி சற்று நேரம் பேசவில்லை. தாளில் கீழே விழுந்ததில் கட்டைக்கு ஒரு பங்கு. காட்டில் மண்ணைச் சுட்டதில் இந்தக் குனிவுக்கு ஒரு பங்கு. மாதக்கணக்கில் துப்பாக்கியின் மேல் போட்ட பழியில் குழலுக்குப் பங்கே இல்லை.

குனிவுக்கு மருந்து மூன்று. தோளில் மடித்த துண்டு ஒன்று, காதில் பஞ்சு, விசையைச் சுண்டாமல் மெல்லப் பிழிவது. காதுக்குப் பஞ்சு போதாது என்பது இன்று எல்லோரும் அறிந்தது; இப்போது அதற்கென்றே உள்ள காதடைப்பான்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன. பயம் பாதி சத்தத்தில்தான் இருக்கிறது. சத்தம் குறைந்தால் தோளும் இடியை மறக்கிறது. தினம் மாலை, துப்பாக்கி வெறுமையாக இருப்பதை இருவர் பார்த்து உறுதிசெய்தபின், வெற்றுக் கூட்டைப் போட்டுப் பத்து முறை விசை பிழிந்து பழகினார் கிராணி. விசை ஊசிக்கு அடிபடாமல் இருக்கவே அந்தக் கூடு.

ஆறாவது தூரம். ஸ்லக் ரைபிள் குண்டல்ல; மொத்தையானது, வேகத்தைச் சீக்கிரம் இழப்பது. 45 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கி 90 மீட்டரில் ஏறத்தாழ முக்கால் சாண் கீழே சுடும். வெறும் கண்ணால் 45க்கும் 70க்கும் வித்தியாசம் சொல்வது கடினம். அந்தி நேரத்தில் இன்னும் கடினம். ஆனால் செம்பனைத் தோட்டமே ஓர் அளவுகோல். முக்கோண வரிசையில் நடும்போது மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர். ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம் வருவது இந்தக் கணக்கில்தான். பன்றிக்குக் காத்திருக்க உயரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்தவுடன் முதல் வேலை மரம் எண்ணுவது. வரிசையில் ஐந்து இடைவெளி என்றால் 45 மீட்டர். அந்த ஐந்தாவது மரத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சிறுவன் கட்டிவிட்டு வருவான். துணிக்கு அப்பால் நிற்கும் பன்றி எவ்வளவு பெரிதானாலும் சுடுவதில்லை. காயம்பட்ட பன்றியைப் புதருக்குள் தேடிப்போவதை விட, ஒரு பன்றியை விட்டுவிடுவது மலிவு.

பரண் துல்லியத்துக்கு மட்டும் உதவவில்லை. ஸ்லக் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போகக்கூடியது. தரையில் பட்டுத் தெறிக்கவும் செய்யும். உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால், தவறிய குண்டு மண்ணுக்குள் போகும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கமும் சாலைப் பக்கமும் பரணின் முகம் திரும்பாது. பன்றிக்குப் பின்னால் மண் தெரியவில்லை என்றால் விசையில் விரல் போகாது. அந்தியில் புதருக்குள் அசைவது பன்றிதானா, உதிர்ந்த பழம் பொறுக்குகிற ஆளா என்பது முழுதாகத் தெரிந்தபிறகுதான் மணியைப் பார்க்க வேண்டும். குறியைத் திருத்தும் எந்தக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

ஏழாவது சுத்தம். சுடச்சுடக் குழலின் உட்சுவரில் ஈயம் பூச்சுப்போல் ஒட்டும். பத்து இருபது குண்டுக்குப் பிறகு கூட்டம் விரியத் தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பூச்சைத்தான். வெண்கலத் தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்து, அறைப் பக்கத்திலிருந்து நுனிப் பக்கமாகத் தள்ள வேண்டும். பிறகு உலர்ந்த துணி, பிறகு துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணி. ஜொகூரின் ஈரக்காற்றில் எண்ணெய் காயாமல் இருப்பதுதான் குழலுக்குப் பாதுகாப்பு. ஆனால் சுடப் போகும் முன் அந்த எண்ணெயை உலரத் துடைக்க வேண்டும். எண்ணெய்க் குழலில் போகும் முதல் குண்டு மற்றவற்றோடு சேராமல் தனியே விழும். கிராணியின் தாள்களில் முதல் துளை சில முறை தனியே நின்றது. அதன் காரணம் மூன்றாவது ஞாயிறுதான் பிடிபட்டது. பரணில் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் அந்த முதல் குண்டு ஒன்றுதான்.

இந்த ஏழும் முடிந்தபின் துப்பாக்கி என்ன ஆயிற்று என்பதற்குத் தாள்களே சாட்சி. முதல் தாளில் வட்டத்துக்கு வெளியே நின்ற கூட்டம், ஆறாம் தாளில் வட்டத்தை மூடியது. கூட்டத்தின் அகலம் பெரிதாகக் குறையவில்லை, இடம்தான் மாறியது. வீட்டுத் திருத்தத்தால் ஆகக்கூடியது அவ்வளவே. கூட்டத்தையே சுருக்க வேண்டுமானால் சுருள்வரிக் குழலும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த சபோ ஸ்லக்கும் வேண்டும். சபோவை வழுவழுப்புக் குழலில் சுடுவது காசுக்குக் கேடு. சுழற்சி இல்லாமல் அது உருண்டுகொண்டே போகும்.

வேட்டையின் விதிகளும் பின்னாளில் மாறின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் இடத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுப்பன்றியைச் சுட, துப்பாக்கி உரிமத்தோடு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமமும் வேண்டும். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மலேசியாவை எட்டியபின் காட்டுப்பன்றிகளும் அதில் மடிந்தன.

கிராணி அதற்கெல்லாம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். உரிமத்தைப் புதுப்பிக்காமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க முடிவு செய்த அன்று, மண்டோர் வந்து டியூப் பட்டையை அவிழ்த்தார். உள்ளே மடித்திருந்த துணி கன்னத்தின் வியர்வையில் பழுப்பேறி, இறுகி, அட்டை போல் ஆகியிருந்தது. கட்டையைத் துடைத்தபோது மரத்தில் ஒரு கீறலும் இல்லை. உரிமப் புத்தகத்தில் எழுதியிருந்த எண்ணும் குழலில் இருந்த எண்ணும் சரிபார்க்கப்பட்டன. வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அது ஒப்படைக்கப்பட்டது.